அரை டஜன் நதி: குறுக்கெழுத்தும் பலபொருள் ஒருசொல்லும்

"அரை டஜன் நதி (2)." குறுக்கெழுத்துப் புதிரில் இப்படி ஒரு குறிப்பு வந்தால் கங்கை, யமுனை, காவிரி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குபவர் அகப்பட்டுக்கொண்டார் என்று பொருள். அடைப்புக்குள் இருக்கும் 2, விடைக்கு இரண்டு கட்டங்கள் என்கிறது. அரை டஜன் என்றால் ஆறு. நதி என்றாலும் ஆறு. குறிப்பில் இருப்பது அவ்வளவுதான். அகராதியைப் புரட்ட வேண்டிய அரிய சொல் ஒன்றுகூட இல்லை. முதல் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்த சொல் இரண்டு வேடம் போட்டுக்கொண்டு நிற்கிறது, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு வேடமும் படவில்லை.

இதில் தமிழ் இலக்கணமும் ஒரு கை கொடுத்திருக்கிறது. எண்ணுப்பெயருக்குப் பின்னால் வரும் அஃறிணைப் பெயர் 'கள்' விகுதி பெற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம்மிடம் இல்லை. பத்து தேங்காய், நாலு மாடு, அரை டஜன் நதி எல்லாமே சரியான பேச்சு. கட்டாயம் இருந்திருந்தால் 'நதிகள்' என்று எழுத வேண்டி வந்திருக்கும், விடையும் 'ஆறுகள்' என்று ஆகிக் குறிப்பு உடைந்திருக்கும். (இந்தக் கட்டுரையில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் விளக்கத்துக்காக இங்கேயே அமைத்தவை.)

சாதாரணச் சொல்லின் பல பொருள்களை வைத்து விளையாடுவது தமிழுக்குக் குறுக்கெழுத்தோடு வந்து சேர்ந்த பழக்கம் அன்று. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், முதல் இயலான கிளவியாக்கத்திலேயே 'பலபொருள் ஒருசொல்' என்ற பிரிவைப் பேசுகிறது. அதை இரண்டாகவும் பிரிக்கிறது. வரும் வினையைக் கொண்டு பொருள் தெளிவாகிவிடுகிற சொற்கள் ஒரு வகை. வினை வந்த பிறகும் தெளிவாகாதவை மறு வகை. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் சொல் 'மா'. பூத்தது என்றால் மரம், ஓடியது என்றால் விலங்கு. வீழ்ந்தது என்றால்? மரமும் வீழும், குதிரையும் வீழும். அந்த இடத்தில் 'மாமரம் வீழ்ந்தது' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கணத்தின் கட்டளை.

குறுக்கெழுத்து அமைப்பவருக்கு வேண்டியது அந்த 'வீழ்ந்தது'தான். இலக்கண ஆசிரியர் எந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை நட்டாரோ, அங்கேயே புதிராசிரியர் கடை விரிக்கிறார். இரு பொருளுக்கும் பொருந்துகிற வினையைத் தேடிப் பிடிப்பதுதான் அவருடைய தொழிலில் பாதி.

அதற்கான கருவிகளையும் பழைய நூல்கள் பெயரிட்டு வைத்திருக்கின்றன. திவாகரம், சூடாமணி போன்ற நிகண்டுகளில் பதினோராவது தொகுதி முழுக்க ஒருசொல் பல்பொருளுக்கு ஒதுக்கப்பட்டது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று பகுக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் கிடைத்தால் முதலாவது, பிரித்தால்தான் கிடைக்கும் என்றால் இரண்டாவது. நன்னூல் சொல்லும் 'பொதுமொழி'யும் இதுவே. பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு 'எட்டு' நினைவிருக்கும்: சேர்ந்து நின்றால் எண், எள் து என்று பிரிந்தால் 'எள்ளைத் தின்' என்று ஏவல். 'வேங்கை' மரம், வேம் கை என்றால் வேகின்ற கை. பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடக்கிய காளமேகப் புலவர் இந்த வித்தையில் பேர் வாங்கியது 15ஆம் நூற்றாண்டில்.

இத்தனை இருந்தும், கட்டம் போட்ட புதிர் நமக்கு வெளியிலிருந்துதான் வந்தது. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர், 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவில் ஒரு கட்டத்தை அச்சிட்டார். அதில் வந்தவை நேரடிக் குறிப்புகள்: பொருள் கொடுத்தால் சொல் எழுத வேண்டும். பிரிட்டனுக்குப் போன பிறகுதான் குறிப்புகள் பொய்முகம் பூண்டன. எட்வர்டு பவுஸ் மாதர்ஸ் என்ற மொழிபெயர்ப்பாளர் 1926 முதல் 1939இல் இறக்கும் வரை 'அப்சர்வர்' இதழில் புதிர் அமைத்தார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கமாடா, ஸ்பெயினின் கொடிய மத விசாரணை அதிகாரியின் பெயர். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த டெரிக் மெக்நட், இன்னொரு விசாரணை அதிகாரியான ஷிமெனஸின் பெயரை எடுத்துக்கொண்டார். வாசகரைச் சித்திரவதை செய்கிறோம் என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை. 'டைம்ஸ்' நாளிதழின் புதிர் 1930 பிப்ரவரி 1இல் தொடங்கியது.

ஆங்கிலப் புதிர்களின் புகழ்பெற்ற ஏமாற்று, 'ஃபிளவர்' என்ற சொல். பூ என்று எல்லாரும் படிப்பார்கள். புதிராசிரியர் அதை 'ஃப்ளோ' என்ற வினையிலிருந்து பிரித்து, ஓடுவது எதுவோ அது என்று கொள்வார். ஆகவே விடையில் தேம்ஸ் நதி வந்து உட்காரும். நம் வேங்கைக்கு உறவுக்காரச் சொல்தான்.

சித்திரவதைக்கும் ஒரு சட்டம் உண்டு. ஆஃப்ரிட் என்ற பெயரில் புதிர் அமைத்த ஏ.எஃப். ரிச்சி 1949இல் வெளியிட்ட நூலில் அதை வகுத்தார், 1966இல் மெக்நட் தன் நூலில் அதை விரித்தார். புதிராசிரியர் மனத்தில் இருப்பதும் எழுத்தில் தெரிவதும் வேறுவேறாக இருக்கலாம். ஆனால் எழுதியதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தால் அவர் சொல்ல வந்தது அதில் முழுதாக இருக்க வேண்டும். வாசகர் தவறாகப் படிக்கலாம், அதற்கு இடம் வைக்கலாம். விடை தெரிந்த பின் 'இது எப்படிச் சரி?' என்று அவர் கேட்கும்படி விடக் கூடாது.

தமிழ்நாட்டில் குறுக்கெழுத்து முதலில் பிரபலமானபோது இந்தச் சட்டம் அதற்குத் தெரியாது. 1930களில் ஆனந்த விகடன் உள்ளிட்ட இதழ்கள் பரிசுப் போட்டிகளாக அதை நடத்தின, விற்பனையும் பெருகியது. இந்தியா முழுக்க நடந்த பரிசுக் குறுக்கெழுத்துகளில் வழக்கமான உத்தி வேறு: ஒரு குறிப்புக்கு இரண்டு சொற்கள் ஏறக்குறைய ஒரே அளவில் பொருந்தும். எது 'சரி' என்பது உறையிலிட்டு முத்திரை வைத்த விடைத்தாளில் இருக்கும். அதோடு ஒத்துப்போனால் பரிசு. நுழைவுக் கட்டணம் கட்டி ஆயிரக்கணக்கானவர்கள் விடை அனுப்பினார்கள்.

பெங்களூரிலிருந்து வெளிவந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற வார இதழ் நடத்திய ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்து இந்த வகைதான். பம்பாய் மாநிலம் அதைத் தடுக்கப் போக, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 1957இல் நீதிமன்றம் அது திறமைப் போட்டி அன்று, சூதாட்டம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, சென்னை உள்ளிட்ட சில மாநிலங்களின் தீர்மானத்தின் பேரில் நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியிருந்தது. குறுக்கெழுத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடும் சட்டம் அது. மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, அதற்குக் கீழே என்றாலும் உரிமம் வேண்டும், 2,000க்கு மேல் விடைத்தாள்கள் கூடாது.

நல்ல குறிப்பையும் கெட்ட குறிப்பையும் பிரிக்கும் கோடு இந்த வழக்கிலேயே கிடைத்துவிடுகிறது. பொருள் ஒன்று, விடை இரண்டு என்றால் சூது. பொருள் இரண்டு, விடை ஒன்று என்றால் புதிர். பலபொருள் சொல்லைக் கையாளும் குறிப்பில் குழப்பம் முழுக்கக் குறிப்போடு முடிந்துவிட வேண்டும், கட்டத்துக்குள் சிந்தக் கூடாது. சொல்லப்போனால், இரண்டு பொருளும் ஒரே சொல்லை நோக்கி விரல் நீட்டுவதால் நேரடிக் குறிப்பைவிட இதில் விடை உறுதியானது. 'தண்ணீர்' என்று மட்டும் குறிப்புக் கொடுத்தால் நீர், புனல், ஜலம் என்று மூன்று வரும். "காற்றில் பறப்பது, கல்லூரியில் பெறுவது (4)" என்றால் பட்டத்தைத் தவிர எதுவும் வராது.

கேட்க எளிதாக இருக்கிறது, தமிழில் அமைக்க உட்காரும்போதுதான் வம்பு தொடங்குகிறது. 'ஆறு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். எழுவாயாக நிற்கும் வரை அது இரட்டை வேடம் போடும். வேற்றுமை உருபு சேர்ந்த உடனே வேடம் கலைந்துவிடும். நதியானால் 'ஆற்றில்', எண்ணானால் 'ஆறில்'. 'ஆற்றுக்கு', 'ஆறுக்கு' என்று ஒவ்வோர் உருபிலும் இரண்டும் தனித்தனி வழி போகின்றன. ஆங்கிலத்தில் சொல் அப்படியே நிற்க, முன்னால் ஒரு சிறு சொல் வந்து வேலையை முடித்துவிடும். தமிழ்ச் சொல் உருபு ஏற்கும்போது தானே மாறி, தான் யார் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உருபு ஏற்ற பிறகும் வேடம் கலையாத சொற்கள்தான் புதிராசிரியரின் செல்வம். மாலை அப்படிப்பட்டது. 'மாலையில் மல்லிகை' என்றால் பொழுதா, தொடுத்ததா? பால், வரி, கொடி, நூல், திங்கள் ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றில் திங்களுக்குத் தனி அழகு. "திங்களில் முதன்முதலாகக் கால் வைத்தவர் (6)" என்ற குறிப்புக்கு விடை ஆம்ஸ்ட்ராங். திங்கள் இங்கே நிலவு. ஆனால் 1969 ஜூலை 21 அன்று அவர் நிலவில் கால் வைத்தபோது இந்தியாவில் காலை 8.26, கிழமையும் திங்கள். அமெரிக்கர்களுக்கு அது இன்னும் ஞாயிற்றுக்கிழமை இரவு. ஒரு குறிப்பு இரண்டு பொருளிலும் உண்மையாக இருப்பது இந்திய நேரத்துக்கு வாய்த்திருக்கிறது.

அடுத்த காவலாளி ஒற்று. 'வேலை கொடு' என்றால் உத்தியோகம், 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருப்பது. இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும் என்ற விதி, குட்டை வெளிப்படுத்திவிடுகிறது. ஒற்றைப் போடாமல் விட்டால் என்ன என்று சிலர் நினைக்கலாம். அது ஆஃப்ரிட் சொன்ன சட்டத்தை மீறுவது, எழுதியது சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்றாகிவிடும். நேர்மையான வழி ஒன்று உண்டு: அடுத்த சொல்லை வல்லினத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்வது. "வேலை விட்டுச் சூரனை வென்றவர் (4)." 'வ' இடையினம், ஒற்று மிகும் பேச்சே இல்லை. உத்தியோகத்தை உதறிவிட்டுப் போருக்குக் கிளம்பிய யாரோ ஒருவர் என்று வாசகர் நினைக்க, முருகன் கட்டத்தில் ஏறிவிடுவார். உயிரெழுத்திலோ மெல்லினத்திலோ தொடங்கும் சொல்லும் இதற்கு உதவும்.

அதே ஒற்று சில சமயம் கூட்டாளியாகவும் மாறும். "வாகனத்தைப் பருகினால் செட்டிநாட்டு ஊர் (5)." காரைக் குடி. க் ஒற்று இலக்கணப்படி மிக, அந்த ஒற்றே ஊர்ப் பெயரிலும் இருக்கிறது. பிரிமொழிச் சிலேடை இவ்வளவு சுத்தமாக விழுவது அபூர்வம்.

இன்னொரு வசதியும் தமிழுக்கு உண்டு. ஆங்கிலத்தில் ஆட்பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், அதை மறைக்கப் புதிராசிரியர்கள் படாத பாடு படுகிறார்கள். நம் எழுத்தில் பெரியது சிறியது இல்லை. மதி, மலர், அன்பு, செல்வி என்று யாரை வேண்டுமானாலும் பெயரென்று தெரியாமல் வாக்கியத்துக்குள் உட்கார வைக்கலாம்.

ஆங்கிலத்தின் பெரிய ஆயுதம் எழுத்துகளைக் கலைத்துப் போடுவது. 'லிசன்' என்ற சொல்லின் ஆறு எழுத்துகளைக் கலைத்தால் 'சைலன்ட்' கிடைக்கும். 26 எழுத்துகளில் எல்லாச் சொல்லும் அடங்குவதால் இது சாத்தியமாகிறது. தமிழில் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் 247 எழுத்துகள். உயிர் மெய்யோடு ஒட்டியே நகரும். 'கடிதம்' என்பதை எப்படிக் கலைத்தாலும் கடிதம்தான் மிஞ்சும். வார இதழ்ப் புதிர்களில் 'குழம்பிவிட்டது', 'தலைகீழாக நிற்கிறது' என்று எழுத்தைக் கலைத்துத் தருவார்களே, அது வேறு. அங்கே நேராகச் சொன்ன விடையைக் கட்டத்தில் கலைத்து எழுதச் சொல்கிறார்கள். கலைத்தால் இன்னொரு சொல் கிடைப்பதில்லை. கிடைக்கிற சில இடங்கள் பொன்னானவை. "படி, சிவா திரும்பிவிட்டான் (2)." பிள்ளை ஊர் சுற்றிவிட்டு வீடு வந்ததும் தாய் அதட்டுவது போல இருக்கிறது. சிவாவைத் திருப்பினால் வாசி. படி என்றாலும் வாசி.

மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம் கொடுப்பது இன்னொரு நெருக்கடி. தமிழில் எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது, ஆகவே 'பட்டம்' குறுக்கே போனால் அதன் இரண்டாம், நான்காம் கட்டங்களிலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லும் கிளம்ப முடியாது. கட்டம் அமைப்பதே கடினமாக இருப்பதாலும், எழுத்துக் கலைப்பு கைகொடுக்காததாலும், தமிழ்ப் புதிரில் பாரம் முழுக்கச் சொல்லின் பொருள் மேல் விழுகிறது. பலபொருள் ஒருசொல் ஆங்கிலப் புதிரில் பல உத்திகளில் ஒன்று. தமிழ்ப் புதிருக்கு அதுவே முதுகெலும்பு.

எந்தப் பொருள்கள்? இங்கேதான் தமிழ் படித்தவர்கள் வழுக்கி விழுகிறார்கள். நிகண்டைத் திறந்தால் 'வேலை' என்றால் கடல், 'வாரணம்' என்றால் யானை, சங்கு, கோழி. இவற்றை வைத்துக் குறிப்பு எழுதுவது எளிது, அவிழ்ப்பவருக்கோ தோல்வி மட்டும்தான் மிச்சம், விடை தெரிந்த பின்பும் 'அட' என்று தலையில் தட்டிக்கொள்ள மாட்டார். தெரிந்த சொல்லின் தெரிந்த பொருள் கண் முன்னால் இருந்தும் தப்பிப்போனதுதான் இந்த விளையாட்டின் சுகம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைவிட 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி புதிராசிரியருக்கு நல்ல துணை. இன்று புழங்கும் பொருள்களை எண் போட்டுப் பிரித்துத் தருகிறது அது.

'படி' என்ற ஒரு சொல் போதும் இதற்கு. வாசற்படி, நெல் அளக்கும் படி, பஞ்சப்படி, நகல் என்ற பொருளில் படி, படி என்று ஏவல், சொன்னபடி என்பதில் வரும் படி. ஒன்றுகூடப் பழசில்லை. "வாசலில் இருப்பதை அரசு ஊழியர் சம்பளத்தோடு வாங்குகிறார் (2)" என்று எழுதினால் வாசலில் நிற்பவர் நீட்டும் கவர்தான் வாசகர் நினைவுக்கு வரும். அது அவர் அனுபவம், புதிராசிரியர் சொன்னது அகவிலைப்படி மட்டுமே. 'ஆடி'யும் இப்படித்தான். "முகம் பார்க்க ஒரு மாதம் (2)." கண்ணாடிக்கு ஆடி என்ற பெயர் செய்யுளோடு போய்விடவில்லை, குழியாடி, குவியாடி என்று பள்ளி இயற்பியலில் உயிரோடு இருக்கிறது. ஆடியில் புதுப்பெண் தாய்வீடு போய்விட்ட மாப்பிள்ளைகளுக்கு இந்தக் குறிப்பு வேறு விதமாகவும் புரியும்.

வட்டாரப் பேச்சு இன்னும் தோண்டாத சுரங்கம். யாழ்ப்பாணத்தில் ஒருவரை 'கதை' என்றால் பேசச் சொல்கிறார்கள், தமிழகத்தில் அதே சொல் புனைவு. "யாழ்ப்பாணத்தில் இடுப்பில் கட்டுவதைக் கொத்தனார் சுவரோரம் கட்டுகிறார் (3)" என்ற குறிப்பு 'சாரம்' என்ற விடைக்கு இரண்டு கரைகளிலிருந்தும் வழி காட்டும். வந்தேறிச் சொற்களையும் ஒதுக்க வேண்டியதில்லை. "மழைக்காலத்து வாகனம் (2)" என்றால் கார். சங்க காலமும் சாலைப் போக்குவரத்தும் இரண்டு கட்டங்களில் சந்தித்துக்கொள்கின்றன.

இவ்வளவு வளம் இருந்தும் நம் நாளிதழ், வார இதழ்ப் புதிர்களில் பெரும்பாலானவை நடிகர் பெயரையும் திரைப்படப் பெயரையும் கேட்டு நின்றுவிடுகின்றன. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள், சிலேடைக் குறிப்புகள் தமிழில் தாக்குப்பிடிக்கும் என்று காட்டியவை. பத்திரிகை ஆசிரியர்கள் செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. வாரத்துக்கு அரைப் பக்கம், புதிருக்குக் கீழே அமைத்தவர் பெயர், மறுவாரம் விடைகளோடு ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வரி விளக்கம். விளக்கம் இல்லாமல் விடையை மட்டும் அச்சிடும் வழக்கத்தை முதலில் கைவிடட்டும்.